வெல்ஷைப் பள்ளிக்கூட வாசலோடு நிறுத்தாதீர்கள்

வேல்ஸில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரே, உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். பிள்ளையை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்த்தீர்கள், நல்லது. ஆனால் ராத்திரி படுக்கப் போகும் குழந்தை "நோஸ் தா" என்றால், "குட் நைட்னு சொல்லு" என்று திருத்துகிறீர்கள். "இந்தப் பாஷைய வச்சு என்ன பண்ணப் போறே?" என்று அதன் காதுபடவே கேட்கிறீர்கள். வீட்டில் புழங்காத மொழிக்கு என்ன கதி என்று தெரிந்த நாமா இப்படிப் பேசுவது?

5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 2011 கணக்கெடுப்பில் 40.3 சதவீதம், 2021-இல் 34.3. இத்தனை பள்ளிகள் இருந்தும் இந்த இறக்கம்.

அந்த மொழியில் தூக்கத்துக்கு என்னென்ன சொல் இருக்கிறது என்று கேட்டாவது பார்த்தீர்களா? தூக்கம் 'குஸ்க்', தூங்குவது 'கஸ்கி'. இளைப்பாறுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை இவை. 'ஹீன்' என்பது அதற்கும் முந்தைய கெல்டிக் சொல். இன்று தனியாக அதிகம் புழங்குவதில்லை. கெட்ட கனவைக் குறிக்கும் சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய தேவாலயத் தோட்டத்தில் கல்லறைக் கற்களைக் குனிந்து பாருங்கள்: பெயருக்குப் பக்கத்தில் அந்த 'ஹீன்' வினையாகி 'ஹினோத்' என்று வெட்டியிருக்கும். உறங்கினார், அதாவது இறந்தார். குளமுற்றத்தில் இறந்த சோழ மன்னனை, உறங்கியவன் என்ற பொருள்படக் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று சொன்ன நமக்கு இது அந்நியமா?

தூக்கம் வந்து கண்ணைக் கசக்கும் பிள்ளையிடம் வேல்ஸின் வடக்கே 'ஹியூகின்' வந்துவிட்டான் என்பார்கள். தெற்கே அவன் பெயர் 'ஷோன் குஸ்க்'. தூக்கத்தைக் கொண்டுவருகிறவன் அவன். நாமோ பூச்சாண்டியைக் கூப்பிடுகிறோம், இல்லையென்றால் போனைக் கையில் கொடுக்கிறோம். 'சியோ கான்' என்ற வெல்ஷ் தாலாட்டோடுதான் ஸ்பீல்பெர்க்கின் 1987 படமான 'எம்பயர் ஆஃப் தி சன்' தொடங்குகிறது. அந்தப் பாட்டு உங்கள் வீட்டுக்கு மட்டும் ஆகாதா?

தமிழில் தாலாட்டுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டுக்கும் பிள்ளையின் நாக்கில் இடம் உண்டு. கேலி செய்து ஒன்றைத் துரத்துவதுதான் தப்பு. இன்று ராத்திரி விளக்கை அணைக்கும் முன் இந்தச் சொற்களைப் பிள்ளையிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உச்சரிப்பு பிசகினால் அது திருத்தும். கோபிக்காமல் திரும்பச் சொல்லுங்கள்.