மொட்டை மாடித் துப்புரவும் வியர்வையின் விலையும்





வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் உள்ள நம் வீட்டு வாசல்களில் ஒரு பேரம் தவறாமல் நடக்கிறது. துப்புரவுத் தொழிலாளி மாடிக்குச் சென்று பார்த்துவிட்டு வந்து ஒரு தொகையைச் சொல்கிறார். நாம் அதில் பாதியைச் சொல்கிறோம். சற்று நேர வாதத்திற்குப் பின் ஐந்நூறு ரூபாயைக் குறைத்துவிட்ட மனநிறைவோடு உள்ளே திரும்புகிறோம். அந்த ஐந்நூறு ரூபாய் எதிலிருந்து குறைந்தது என்று நாம் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே நமக்கு நாமே கேட்டுக்கொள்ள விரும்புகிறோம்.

மாடியைத் துப்புரவு செய்வது ஆடம்பரமன்று. ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 9,000 லிட்டருக்கும் மேல். நீர் வெளியேறும் குழாயின் வாயை வேப்பஞ்சருகும் பாசியும் அடைத்துக்கொண்டால், ஒன்பது டன் எடை நம் பிள்ளைகள் உறங்கும் அறையின் மீது தேங்கி நிற்கும். தேங்கிய நீர் தட்டோட்டின் இணைப்புகள் வழியே இறங்கித் தளத்தின் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்து, கூரைப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். காகம் எச்சமிட்ட இடத்தில் முளைக்கும் அரசங்கன்று கைப்பிடிச் சுவரைப் பிளக்கும். ஒரு வாரம், பத்து நாள் நீர் தேங்கினாலே டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். அந்தக் கொசு நம் வீட்டோடு நின்றுவிடாது. அண்டை வீட்டாரையும் கடிக்கும். அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைப்பவரின் ஈமானைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எத்துணைக் கடுமையாக எச்சரித்துள்ளார்கள் என்பதை நாம் அறிவோம்.

மற்றொரு பக்கமும் உண்டு. 2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதே ஆயிரம் சதுர அடி மாடியில் ஓராண்டில் விழுவது ஒரு லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டபோது, குடங்களோடு லாரிக்காகக் காத்து நின்றவர்கள் நாம். அசுத்தமான மாடியில் விழும் நீரைக் கிணற்றுக்குள் விட முடியாது. அது சாக்கடைக்கே போகும். உளூவுக்கான நீரில்கூட வீண்விரயம் கூடாது என்று கற்ற சமுதாயம், வானிலிருந்து இறங்கும் ரஹ்மத்தைச் சாக்கடைக்கு அனுப்பலாமா?

முறையான துப்புரவு எப்படி நடக்க வேண்டும்?

முதலில் சருகையும் மண்ணையும் உலர்ந்த நிலையிலேயே பெருக்கிச் சாக்கில் கட்ட வேண்டும். நீர் ஊற்றிக் குழாய்க்குள் தள்ளினால் அடைப்பு கீழே இடம் மாறுமே தவிர நீங்காது. அடுத்து, மழைநீர் சேகரிப்புக் குழாயை மூடிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைப் பாசியின் மீது சற்று ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். 'பளிச்சென்று' ஆக்குவதாகச் சொல்லிச் சிலர் ஆசிட் ஊற்றுவார்கள். அது சிமென்ட்டை அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் நச்சுவாயுவான குளோரின் வெளிப்படும். அதிக அழுத்தத்தில் நீர் பீய்ச்சினால் பழைய தட்டோட்டின் இணைப்புப் பூச்சு பெயர்ந்துவிடும். கழுவிய பின் வெடிப்புகளை அடைத்து, ஒரு வாளி நீரை ஊற்றி, அது தடையின்றி வெளியேறுகிறதா என்று பார்ப்பதோடு வேலை முடிகிறது.

செலவைக் கூட்டிப் பார்ப்போம். ஒரு பகல் முழுதும் வெயிலில் உழைக்கும் இருவரின் கூலி. துடைப்பம், பிரஷ், பவுடர் போன்ற பொருள்களின் விலை. கையுறை, வழுக்காத காலணி, ஏணியைப் பிடித்துக்கொள்ள இன்னோர் ஆள், இடுப்புக் கயிறு ஆகிய பாதுகாப்பு. பொருள்களின் விலையைக் கடைக்காரர் குறைக்கமாட்டார். ஆகவே நாம் குறைக்கும் ஐந்நூறு ரூபாய் முதலில் பாதுகாப்பிலிருந்தும், பிறகு கூலியிலிருந்தும் போகிறது. இருவர் வர வேண்டிய வேலைக்கு ஒருவர் வருகிறார். பாசி படிந்த ஈரத்தளத்தில் வெறுங்காலோடு, மின்கம்பிக்கு அருகே, பிடிக்க ஆளில்லாத ஏணியில் நிற்கிறார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் இரவு உறங்குவதைக் கண்டித்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. விளிம்பில் தடுப்பின்றி உறங்குவதற்கே இந்த எச்சரிக்கை என்றால், அதே விளிம்பில் இன்னொருவரைக் கூலிக்கு நிற்கவைக்கும் நம் பொறுப்பு எத்தகையது?

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் மாடியறைக்கும் வாடகை வீட்டுக்கும் அத்தகைய கூரைகள் ஏராளம். பழைய ஷீட் ஓர் ஆளின் எடையைத் தாங்காது. மிதித்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவார். உலர்ந்த நிலையில் சுரண்டினால் வெளிப்படும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் புகும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே அதன் மேல் எவரையும் ஏற்றாதீர்கள், சுரண்டச் சொல்லாதீர்கள். அதற்குச் செலவிடும் பணத்தைச் சேர்த்துவைத்து, கூரையை மாற்ற முயல்வதே அறிவுடைமை.

"எங்களுக்கும் வருமானம் குறைவுதானே?" என்று சிலர் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். மாதக் கடைசியை எண்ணி வாழும் குடும்பங்கள் நம்மில் பல. ஆனால் வலீமா மண்டபத்தின் அலங்காரத்திற்கு மறுபேச்சின்றிப் பணம் எண்ணிக் கொடுக்கும் நாம், வாசலில் நிற்கும் உழைப்பாளியிடம் மட்டும் ஏன் கணக்கில் இத்தனை கண்டிப்பு காட்டுகிறோம்? தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்போருக்கான எச்சரிக்கையோடு ஓர் அத்தியாயமே (அல்முதஃப்பிஃபீன்) தொடங்குகிறது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற செய்தி புகாரீயில் உள்ளது. "நாளைக்கு வந்து வாங்கிக்கொள்" என்று சொல்லும் முன் இதை நினைவுகூர வேண்டாமா? வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுப்பது நபிவழி.

வசதி குறைந்தவர்களுக்கும் வழி உண்டு. வீட்டு வேலைகளில் நபி (ஸல்) அவர்கள் தாமே பங்கெடுத்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். சுவருள்ள தட்டையான மாடியில் சருகைப் பெருக்குவதும் குழாய் வாயைச் சுத்தம் செய்வதும் நாமே செய்யக்கூடிய பணிகள். மாதம் ஒரு முறை பெருக்கினாலே ஆண்டுத் துப்புரவின் சுமை பெரிதும் குறையும். மேல்நிலைத் தொட்டிக்குள் இறங்குவது, விளிம்பில் வளர்ந்த செடியை வெட்டுவது, வெடிப்பை அடைப்பது ஆகியவற்றை மட்டும் தொழில் தெரிந்தவர்களிடம் விடுவோம்.

ஒரு தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து ஒரே குழுவை அழைத்தால், குழுவினருக்குத் தொடர்ந்து சில நாள் வேலை கிடைக்கும், அலைச்சல் குறையும், கூலியைக் குறைக்காமலேயே நம் செலவும் குறையும். கணவரை இழந்த சகோதரிகள், முதியோர் ஆகியோரின் வீட்டுச் செலவை மஹல்லா ஜமாஅத் ஏற்கலாம். பள்ளிவாசலின் மாடியிலிருந்தே தொடங்குவது எல்லோருக்கும் முன்மாதிரியாக அமையும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூரும் ஆவடியும் நீரில் தத்தளித்ததை நாம் மறக்கவில்லை. ஏரி நிரம்புவதும் வெள்ளம் வருவதும் நம் கையில் இல்லை. நம் வீட்டுக் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகு நம் கையில் இருக்கிறது. அதை அகற்றுபவரின் கூலியும் நம் கையில் இருக்கிறது.

இந்த ஆண்டு அவர் வாசலுக்கு வரும்போது, "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்கும் முன், "கூட யார் வருகிறார்கள்? கயிறும் காலணியும் இருக்கின்றனவா?" என்று கேட்போம், இன்ஷா அல்லாஹ். நண்பகலில் குடிக்க நீரும் நிழலும் கொடுப்போம். மாலையில் பேசிய தொகையை முழுமையாக அவர் கையில் வைத்து, ஸலாமோ நன்றியோ சொல்லி அனுப்புவோம்.

நம் இல்லங்களையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி, பிறர் உரிமையைப் பறிக்காத நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.