ரயில் அபராதத்தில் பணக்கார நியாயம்

டிக்கட் இல்லாமல் ரயிலேறுவது யோக்கியமான காரியம் என்று நாம் ஒருக்காலும் சொல்லமாட்டோம். ரயில் பொதுஜனங்களின் சொத்து. கட்டணம் கொடாமல் ஏறுகிறவன், கட்டணம் கொடுத்து ஏறுகிற ஏழையின் மடியில்தான் கை வைக்கிறான். காவி கட்டியவனாயினும், ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போகிறவனாயினும் இதில் விலக்கில்லை.

ஆனால் பிடிபட்டவனுக்கு விதிக்கும் தண்டனை எல்லோருக்கும் ஒன்றுதானா என்று சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 138-வது பிரிவுப்படி, டிக்கட் இல்லாதவன் கட்டணத்தைக் கொடுப்பதோடு, அக்கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதையும் கட்டவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி அடுத்த ஸ்டேஷனாகிய ராஜபாளையத்தில் இறங்கும் மில் தொழிலாளிக்குப் பாசஞ்சர் கட்டணம் 10 ரூபாய். அவன் அகப்பட்டால் கட்டவேண்டியது 260 ரூபாய். 2,000 ரூபாய்க் கட்டணமுள்ள குளிர்வசதி வண்டியில் ஒரு தனவந்தன் அகப்பட்டால் 4,000 ரூபாய். அதாவது ஏழைக்கு 26 பங்கு, பணக்காரனுக்கு 2 பங்கு! மனுதர்மத்தில் தண்டனை ஜாதியைப் பார்த்து ஏறி இறங்கிற்று. இங்கே மடிப்பணத்தைப் பார்த்து ஏறி இறங்குகிறது. பயமில்லாவிட்டால் யார் டிக்கட் வாங்குவார்கள் என்பார்கள் சிலர். அப்படியானால் அந்தப் பயம் பணக்காரனுக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று கேட்கின்றோம்.

ரயில்வேயின் யோக்கியதையையும் பார்ப்போம். 2020-ம் வருஷத்துப் பெருந்தொற்றுக்குப் பின் பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் கணக்கில் சேர்த்து, குறைந்த கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10 ஆயிற்று. அதுவரை பிரயாணிகளிடம் அதிகமாக வாங்கிய 20 ரூபாய்க்கு ரயில்வேயைப் பிடிக்க எந்தப் பரிசோதகர் வந்தார்?

ஏறுமுன் ரயில்வே சிப்பந்தியிடம் முறைப்படி அனுமதிச் சீட்டுப் பெற்றவன் கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும், அபராதமில்லை என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. இதை அறிந்த கிராமவாசிகள் எத்தனை பேர்? டிக்கட் ஜன்னல்தோறும் இதைத் தமிழில் பெரிதாக எழுதி வைக்கவேண்டும். அபராதம் யாவருக்கும் ஒரே பங்காக இருக்கவேண்டும்.

ஒரே கட்டணம் கொடுத்தவர்களைத் தென்னிந்திய ரயில்வே சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாள், இதராள் என்று பிரித்து உட்கார வைத்த வழக்கம் 1941-ல் ஒழிந்தது. அது தானாக ஒழியவில்லை. ஜனங்கள் கேட்டதனால் ஒழிந்தது. ஆகவே, தோழர்களே! தவறாமல் டிக்கட் வாங்குங்கள். அபராதம் கட்ட நேர்ந்தால் ரசீது கேளுங்கள். ஏழைக்கு ஏன் 26 பங்கு என்றும் கேளுங்கள்.