கண்ணாடிச் சிறையும் சூரிய வெளிச்சமும்

சென்ற வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறு துக்கம் நேர்ந்தது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மழைக் குட்டையில் பிடித்த தவளையை ஊறுகாய் ஜாடியிலிட்டு, மூடியில் துளைகள் போட்டு, ஜன்னலில் வெயில் படும்படி வைத்திருந்தான். மத்தியானத்துக்குள் தவளை இறந்துபோயிற்று. "தவளைக்குச் சொந்த உஷ்ணம் கிடையாது, வெளி உஷ்ணத்தைக் கொண்டே அது ஜீவிக்கிறது என்று நீங்கள்தானே ஸார் சொன்னீர்கள்?" என்று அவன் கண்கலங்கக் கேட்டபோது எனக்கு நா எழவில்லை. நான் சொன்னது பொய்யன்று. ஆனால் பாதிப் பாடம். மீதிப் பாடத்தை நேயர்களுக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. அந்தத் தோலின் வழியாகவே நீர் ஆவியாகியும் போகிறது. சுவாசத்திலும் ஒரு பங்கு தோலின் மூலமே நடக்கிறது. ஆகையால் அதற்கு வேண்டியவை ஈர மண், நிழல், ஆழமில்லாத தண்ணீர். குழாய்த் தண்ணீரில் கலக்கும் க்ளோரின்கூட அதற்கு ஆகாது. அடைத்த கண்ணாடிக்குள் வெயில் புகுந்தாலோ ஜாடியே அடுப்பாகிவிடும். ஒதுங்க இடமில்லாத பிராணி என்ன செய்யும்?

வெயில் காயும் ஓணான், ஆமை முதலியவற்றின் கதை வேறு. சூரிய ஒளியில் ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்குப் புலப்படாத கிரணங்கள் உண்டு. அவற்றில் 'பி' என்னும் வகை தோலில் பட்டால் வைட்டமின் 'டி' உண்டாகிறது. அது இன்றேல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. எலும்பு வளையும், ஆமையின் ஓடு மிருதுவாகிவிடும். சாதாரண ஜன்னல் கண்ணாடியோ இக்கிரணங்களை அநேகமாக முழுவதும் தடுத்துவிடுகிறது. உஷ்ணம் உள்ளே வரும். அனுகூலம் வெளியே நின்றுவிடும்!

லண்டன் மிருகக் காட்சிசாலையில் 1849-ஆம் ஆண்டிலேயே ஊர்வனவற்றுக்கென ஒரு கட்டடம் ஏற்பட்டது. ஆயினும் 1927-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடமே இவ்விஷயத்தில் வழிகாட்டியாயிற்று. அதைத் திட்டமிட்டவர் ஜோன் ப்ராக்டர் என்னும் மாது. இடத்துக்கு இடம் வேறுபடும் மின்சார உஷ்ணம், மீன் காட்சிசாலையில் போலக் கூண்டுகளுக்குள்ளே விழும் வெளிச்சம், மேற்சொன்ன கிரணங்களை உள்ளே விடும் 'வைட்டா' கண்ணாடி ஆகிய யாவும் அங்கே அமைந்தன. அவ்வாண்டே அங்கு வந்த கொமோடோ தீவுப் பெரும் பல்லிகளில் ஒன்று அவர் கையிலிருந்தே இரை வாங்கித் தின்றதாம். ஓயாத நோயுடன் போராடிய அவர், 1931-இல் 34-ஆம் வயதில் காலமானார்.

இன்றும் முறை அதுவே. கூண்டின் ஒரு கோடி சூடாயும் மறு கோடி குளிர்ச்சியாயும் இருக்க வேண்டும். நடுவே ஒளிந்துகொள்ள மறைவு வேண்டும். பகலில் வெளிச்சம் எவ்வளவு அவசியமோ, இரவில் இருட்டும் அவ்வளவு அவசியம். ஊதா கடந்த ஒளி தரும் விளக்கு, பார்வைக்குப் பிரகாசமாக எரியும்போதே அந்தக் கிரணங்களை இழந்து வரும். ஆதலின் குறித்த காலத்தில் அதை மாற்றிவிட வேண்டும்.

மேகம் மூடிய ஊரில் ஒரு மாது இத்தனை பாடுபட்டுச் சூரியனை வரவழைத்தார். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நம் நாட்டிலோ, அதிர்ஷ்டம் வருமென்று நட்சத்திர ஆமையை இருட்டறைத் தொட்டியில் அடைக்கும் வீடுகள் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டமே இல்லாவிடினும் அது பாவமன்றோ?

மறுநாள் அந்த மாணவன் கேட்டான்: "எதற்கு வெயில், எதற்கு நிழல் என்று எப்படி ஸார் தெரிந்துகொள்வது?"

"இரண்டையும் வை. அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்" என்றேன்.

சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் குட்டையிலேயே விட்டுப் பார்த்தால் போதுமே, ஸார்!" என்றான்.

இந்தத் தடவை பாடம் முழுவதையும் அவனே சொல்லிவிட்டான்.