பெரிய கூடத்திற்குப் பெரிய ஒலிபெருக்கி வேண்டுமா?

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுக் குடும்பம் ஒன்று, மிளகும் காப்பியும் விற்ற பணத்தில் புது வீடு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடத்தின் நீளம் 8 மீட்டர், அகலம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர். பாட்டுக் கேட்க இரண்டு ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த ஒலிகளுக்கென்று தனியாக ஒரு சப்வூஃபரும் வாங்க வேண்டும். கடைக்காரர் காட்டும் பெட்டியின் மேல் 'ஆயிரம் வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. "கூடம் பெரிது, பெட்டியும் பெரிதாக இருக்கட்டும்" என்று அவரும் சொல்கிறார். இது தவறான ஆலோசனை என்பது என் கருத்து. ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில் வாட் கணக்கு. ஒலிபெருக்கியின் விவரத்தாளில் 'உணர்திறன்' என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் மின்சாரம் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே அது. உணர்திறன் 90 உள்ள பெட்டியிலிருந்து 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திறந்த வெளியில்கூட 78 டெசிபெல் கேட்கும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல்தான். அதாவது ஒரே ஒரு வாட், பேச்சை விடப் பலமாக ஒலிக்கிறது! பாட்டின் நடுவே எழும் உச்ச ஒலிகளுக்கு இடம் விட்டாலும் 30 வாட் தாராளம். உணர்திறன் 84 மட்டுமே உள்ள பெட்டிக்கோ அதே ஒலிக்கு நான்கு மடங்கு ஆற்றல் தேவை. ஆகவே வாட் எண்ணைப் பார்த்து மயங்காமல் உணர்திறனைக் கேளுங்கள். வாட்டிலும் 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்த எண்ணையே நம்புங்கள். 'பி.எம்.பி.ஓ.' என்பது விளம்பர எண்.

மலைக்கு இன்னொரு வசதியும் உண்டு. பேருந்தும் லாரியும் ஓயாத நகரத் தெருவில், அந்த இரைச்சலை மீறிக் கேட்பதற்காகவே ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பின்னணி இரைச்சல் 10 டெசிபெல் குறைந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே போதும். அமைதி என்பது மலைவாசிகளுக்கு இலவசமாகக் கிடைத்த ஆம்ப்ளிஃபயர். அதை நாமே கெடுத்துக் கொள்ளலாமா?

அடுத்தது அறை. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு அறையில் பேச்சே புரியவில்லை. எழுப்பிய ஒலி அடங்க ஐந்து வினாடிக்கு மேல் ஆயிற்று. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரம் குறைவதை அளந்தார். அவர் கண்ட விதி எளியது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வினாடிகள் கிடைக்கும்.

நம் கூடத்தின் கன அளவு 120 கன மீட்டர். டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவரும் ஒலியை நூற்றில் மூன்று பங்கு அளவே உறிஞ்சும். 158 சதுர மீட்டர் பரப்புக்கு அது 4.7 சதுர மீட்டர். விடை ஏறத்தாழ 4 வினாடி! ஒரு சொல் அடங்குமுன் பத்துச் சொற்கள் வந்து மோதும். இங்கே வாட்டைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்தே கூடும். கனத்த திரைச்சீலை, பஞ்சு மெத்தை, தடித்த விரிப்பு ஆகியவற்றால் உறிஞ்சும் பரப்பை 20 சதுர மீட்டராக்கினால் நேரம் ஒரு வினாடிக்கு இறங்கும். பெரிய பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் பாதியை மெத்தைக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

சப்வூஃபர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறையும் தவிலும் நெஞ்சில் அதிர வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் ஒன்று போதும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் அறியாது. இடம்தான் முக்கியம். 43 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டர், அதாவது நம் கூடத்தின் நீளம். எனவே அந்த ஒலி சுவரோரத்தில் முழங்கும், சுவரிலிருந்து 2 மீட்டரில் மெலியும். மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். நல்ல இடம் காண ஒரு சோதனை: சப்வூஃபரை நீங்கள் அமரும் இடத்தில் வைத்து ஒலிக்கவிட்டு, கூடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அதுவே அதற்குரிய இடம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தாழ்ந்த ஒலியைச் சுவர் எளிதில் தடுக்காது. இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேற்காற்று வெதுவெதுப்பாக இருந்தால், மேலே போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு வரும். பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த சரிவிலும் கேட்கும். அங்கே தேர்வுக்குப் படிக்கும் மாணவன் இருப்பான், தூங்கும் குழந்தை இருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பு வைத்துள்ளன. விதி இல்லாவிட்டாலும் அண்டை வீட்டாரின் உறக்கம் நம் பொறுப்பே.

மாணவ நண்பர்களே! வீட்டில் ஒலிபெருக்கி வாங்கும் பேச்சு எழுந்தால், கடைக்குப் போகுமுன் ஓர் அளவு நாடாவை எடுத்துக் கூடத்தை அளந்து, மேலே கண்ட கணக்கைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். விளம்பரத்தின் எண்ணை நம்புவதா, நீங்கள் அளந்த எண்ணை நம்புவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.