வல்லூறும் கரும்பறவையும்

அதிவேக மோட்டார் சைக்கிள்களை ஒப்பிட முனைவோர் முதலில் கேட்பது உச்சவேகத்தைத்தான். சொல்வதற்கு மிக எளிதான எண் அது. வண்டியைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வதும் அதுவே. பக்க எண்ணிக்கையைக் கொண்டு நாவல்களைத் தரம்பிரிப்பதற்கு இணையான செயல் இது. ஆயினும் ஒரு பத்தாண்டுக் காலம் ஜப்பானின் பெருநிறுவனங்கள் இந்த ஒற்றை எண்ணுக்காகவே மோதிக்கொண்டன என்பதை நாம் மறுக்கவியலாது.

1990இல் வெளிவந்த கவாஸகியின் இசட்இசட்-ஆர் 1100 ஆறாண்டுகள் முதலிடத்தில் அசையாமல் இருந்தது. 1996இல் ஹோண்டா தன் சிபிஆர் 1100 எக்ஸ்எக்ஸுக்கு அமெரிக்க உளவு விமானமொன்றின் பெயரான பிளாக்பேர்டைச் சூட்டிக் களமிறக்கியது. 1999இல் சுஸூகி அளித்த பதில் பெயரிலேயே தொடங்கியது. ஹயபுசா என்றால் ஜப்பானிய மொழியில் வல்லூறு. கரும்பறவைகளையும் வேட்டையாடும் பறவை அது. 1299 சிசி எஞ்சினோடு அவ்வண்டி மணிக்கு 312 கிலோமீட்டரை எட்டியது. மறு ஆண்டே கவாஸகி இசட்எக்ஸ்-12ஆரைக் கொண்டுவந்தது.

இதற்குள் ஐரோப்பாவில் இவ்வகை வண்டிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. சட்டம் வருமுன்னரே உற்பத்தியாளர்கள் தமக்குள் உடன்பட்டு 299 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். எஞ்சினின் திறனுக்கு வரம்பேதும் இல்லாதபோது இது வெறும் பாசாங்கு என்பார் உண்டு. எந்தப் பொதுச்சாலைக்கும் 299 மிகை என்ற அளவில் அவர்களோடு நாமும் உடன்படுகிறோம். ஆனால் அந்த உடன்படிக்கை ஒப்பீட்டுக்கு ஒரு நன்மை செய்தது. எண் சமமானதும் குணத்தைப் பார்த்தேயாக வேண்டியிருந்தது. பிளாக்பேர்ட், இரட்டைச் சமன் தண்டுகளால் அதிர்வடங்கி, பின்னிருக்கையில் துணையோடு நெடுந்தொலைவு செல்ல இசைவது. ஹயபுசாவின் பலம் எஞ்சின் நடுத்தரச் சுழற்சியில் இருக்கும்போதே பொங்கிவரும் இழுவிசை. 12ஆரோ, பெட்டிபோன்ற அலுமினியச் சட்டகத்தின் விறைப்போடு, உயர்சுழற்சியில்தான் முழுதாக விழித்துக்கொள்ளும். இம்மூன்றில் எது சிறந்தது என்ற கேள்வி, ஓட்டுபவர் யார், எங்கே போகிறார் என்பதை அறியாமல் பொருளற்றது.

எண்ணின் மோகம் ஓய்ந்துவிடவில்லை. 2016இல் துருக்கிய வீரர் கெனான் சோஃபுவோலு, போக்குவரத்துக்குத் திறக்கப்படாத பாலமொன்றில் கவாஸகி எச்2ஆரில் 400 கிலோமீட்டரைத் தொட்டார். சாலைக்கு அனுமதியற்ற பந்தய வண்டி அது. ஓட்டியவரோ உலக சாம்பியன். அந்த எண்ணை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டு கடைக்குள் நுழையும் இளைஞனுக்கு மூடிய பாலம் வாய்ப்பதில்லை. அவன் முன்னிருப்பது மாடும் மனிதரும் குறுக்கிடும் சாலை. ஒப்பீடு எழுதுபவர்கள் அவனுக்கும் பொறுப்பானவர்கள் என்றே கருதுகிறோம்.

அவ்வகையில் 2021இல் வந்த மூன்றாம் தலைமுறை ஹயபுசா நமக்கு முக்கியமானது. முந்தைய வண்டியின் 197 குதிரைத்திறனை 190ஆகக் குறைத்து, அன்றாடம் பயன்படும் நடுத்தரச் சுழற்சியின் விசையைச் சுஸூகி கூட்டியது. விளம்பரத்தில் சிறிதாகத் தெரியக்கூடிய எண்ணோடு சந்தைக்கு வர ஒரு நிறுவனம் துணிந்திருக்கிறது. ஒப்பீட்டாளர்களும் அத்துணிவைப் பெறவேண்டும்.