கூரையில் மிச்சம் பிடிக்கலாமா?



1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஒருமுறை தீயிலும் ஒருமுறை வெள்ளத்திலும் அழிந்தது. அத்தாப்புக் கூரை வீடுகள் அடுத்தடுத்துப் பற்றிச் சாம்பலாயின. பின்னர், 1884-இல், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்காகச் செங்கல் சூளைகள் எழுந்த இடமே இன்றைய பிரிக்ஃபீல்ட்ஸ்.

பட்டணத்துக்கு ஓடு வந்தது. நம் லயங்களுக்கு என்ன வந்தது? அத்தாப்பு போய்த் தகரம் வந்தது. பிறகு பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வந்தது.

இன்று அந்த லயங்களும் மறைந்து வருகின்றன. எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆகிவிட்டது. கிள்ளான் புக்கிட் ராஜாவில் பால்மரம் நின்ற மண்ணில் பண்டார் புக்கிட் ராஜா நிற்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த வெள்ளியில் நம்மவர்கள் வீடு கட்டுகிறார்கள். சுவர் எழும்பும்போதே கை வறண்டுவிடுகிறது. இரும்புக் கடையில் போய், "தவுக்கே, இருக்கிறதிலேயே மலிவானதாக் குடுங்க" என்று கேட்கிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கூரையின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். மறுபடி தகரம், மறுபடி ஆள்கூலி. கிள்ளான் துறைமுகப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். வெறும் துத்தநாகப் பூச்சுத் தகரத்தைவிட, 55 சதவிகிதம் அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்த பூச்சுத் தகடு நீண்ட காலம் உழைக்கும். கடைக்காரர் சொல்லும் கனம் பூச்சையும் சேர்த்ததா, இரும்பு மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் வைத்த திருகாணி போடச் சொல்லுங்கள். வெட்டிய இரும்புத் தூளைக் கூரைமேல் விட்டுவிட்டால் முதல் துரு அங்கேதான் பிடிக்கும். வெயிலுக்கு, தகட்டின் அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்புப் போட்டால் போதும்.

சிமெண்டு ஓடு குளுமை. மழைச் சத்தமும் குறைவு. ஆனால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 கிலோ எடை. தகடோ 4, 5 கிலோதான். தகரத்துக்கென்று அடித்த மரச்சட்டத்தின் மேல் ஓட்டை ஏற்றினால் சட்டம் வளைந்துவிடும். சட்டத்தின் செலவையும் கூட்டிப் பார்த்துத்தான் ஓட்டுக்கு ஆசைப்பட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. லயத்தை உடைக்கும்போது, "தகடு நல்லாத்தானே இருக்கு, சும்மா கிடைக்குதே" என்று பழைய ஆஸ்பெஸ்டாஸைப் புது வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் தொழிற்சாலைகளில் அதைக் கையாள 1986-இல் விதிகள் வந்தன. நீல வகை 1999-இல் தடை செய்யப்பட்டது. உடையாமல் கூரைமேல் கிடக்கும் தகட்டைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் அதைத் துளைக்காதீர்கள், அறுக்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கழற்றுவதென்றால் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு கழற்ற வேண்டும். இப்போது ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத சிமெண்டுத் தகடும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் தோட்ட வீட்டிலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளி கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2019-இல் அச்சட்டம் திருத்தி விரிவாக்கப்பட்டது. கூரை ஒழுகினால் வாளியை வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சொந்தக் காசில் தகரமும் வாங்காதீர்கள். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் போங்கள்.

அந்தக் காசு நாளை நீங்கள் கட்டப்போகும் சொந்த வீட்டின் நல்ல கூரைக்கு உதவட்டும்.