புக்ககம் புகுந்த கோழி

சந்தையில் ஒரு கோழியை விலைபேசிக் கொண்டு, அதன் கால்களைக் கயிற்றாற் பிணித்து, தலைகீழாகத் தூக்கிவந்து, நண்பகலில் வேற்றுக் கோழிகளின் நடுவே அவிழ்த்துவிட்டு, மறுநாட் காலையில் முட்டை எங்கே என்று தேடுவார் நம்மிற் பலர். நான்கு நாள் கழிந்தும் முட்டை காணாவிடின், விற்றவன் ஏய்த்தான் என்பர். அன்றிக் கோழி இராசியற்றது என்பர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது குழம்பாகிவிடுகின்றது. ஓருயிர் பிழையின்றி மாள்வதோடு, முட்டை விற்று நாலு காசு சேர்க்க எண்ணிய ஏழை மனையாட்டியின் முதலும் இதனால் அழிகின்றது. இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

இடம் மாறிய கோழி முட்டையிடாமை வஞ்சனையன்று, உடலின் இயல்பு. ஒரு முட்டை கோழியின் உடலுள் உருப்பெற்று வெளிவர ஏறக்குறைய 25 மணி நேரம் செல்லும். அதனுள் 20 மணியளவு ஓடு அமைதற்கே கழியும். அவ்வோட்டிற்கு வேண்டும் சுண்ணாம்புச் சத்தை உணவினின்றும் தன் எலும்பினின்றும் கோழி எடுத்துக் கொடுக்கின்றது. இத்துணைச் செலவினை, அச்சமும் நீர்வேட்கையும் பட்டினியும் நேர்ந்தவிடத்து எவ்வுடல்தான் தாங்கும்? தன்னைக் காத்தற்பொருட்டு அது முதலில் நிறுத்திக்கொள்வது முட்டையையே. துன்பம் மிகின் இறகுதிர்த்தலும் உண்டு. உதிர்த்த இறகு மீள முளைக்குங்காறும் இரண்டு மூன்று திங்கள் முட்டையை எதிர்பார்த்தல் வீண்.

உடன்வாழ் கோழிகளால் வரும் இடர் இதனினும் பெரிது. கோழிக் கூட்டத்துள் இன்னது இன்னதனைக் கொத்தலாம் என்னும் வரிசை ஒன்று உண்டென்பதை நார்வே நாட்டறிஞர் ஷெல்டெருப் எபே 1920-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து காட்டினார். புதியது ஒன்று புகின் அவ்வரிசை முழுவதும் குலைந்து, மீண்டும் கொத்திக் கொத்தியே அமைதல் வேண்டும். வந்தது தனிக்கோழியாயின் அத்தனை அலகிற்கும் அதுவே இலக்கு. புக்ககம் புகும் பெண்ணுக்கு விருந்தும் மறுவீடும் வகுத்த நாம், கோழிக்கு ஒரு வாரமேனும் வகுத்திலேம்!

கோழியைச் சிற்றுயிரென்று முன்னோர் தள்ளினாரல்லர். தொல்காப்பியர் மரபியலில் அதன் பெடைக்கு அளகு என்னும் பெயரை எடுத்தோதினார். எருசலேமை நோக்கி இரங்கிய நம் ஆண்டவர் தம் அன்பிற்கு உவமையாகக் கொண்டதும் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் கோழியையே.

நிற்க. செய்யத்தக்கவை அரியவை அல்ல. வந்த கோழிக்கு முதலில் நிழலும் நீரும் தருக. இரண்டு மூன்று வாரம் பிற கோழிகளினின்று விலக்கித் தனிக்கூட்டில் வைக்க. வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் உடன்வந்திருப்பின் அதற்குள் வெளிப்படும். முன்பு உண்ட தீனியையே சின்னாள் கொடுத்துச் சிறிது சிறிதாக மாற்றுக. கிளிஞ்சலை நொறுக்கி ஒரு சட்டியில் வைப்பின் வேண்டுமளவு தானே கொத்திக்கொள்ளும். ஆளரவமற்ற இருண்ட மூலையில் வைக்கோல் பரப்பி, மரத்தாலோ கல்லாலோ ஆகிய பொய்முட்டை ஒன்றை இடுக. தனிவைப்பு முடிந்தபின், பஞ்சாரத்தால் மூடி, மற்றவை காணும்படி சின்னாள் முற்றத்தில் வைத்து, ஓர் இரவில் அவற்றோடு அடைக்க. விடியலில் ஒருங்கே விழித்தெழுவனவற்றுள் பூசல் குறையும். தீனிச் சட்டி இரண்டு மூன்றாக வேறு வேறிடத்து இருத்தல் நன்று. இயலுமாயின் ஒன்று வாங்காது இரண்டு வாங்குக.

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் முட்டை குறைந்தமையாற் கழிக்கப்படும் கூண்டுக் கோழிகளுக்கோ இன்னும் மிக்க பொறுமை வேண்டும். அவற்றுட் பல மண்ணைக் கிளறியறியா. இரவில் ஏறித் தங்கும் கொம்பினையும் அறியா. இத்தகைய கோழிகளை இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டு முதல் ஓர் அறநிலையம் பண்ணைகளிடமிருந்து பெற்று, வீடுகளுக்கு வளர்க்கக் கொடுத்து வருகின்றது. இறகிழந்து வந்தவை பல, மெல்லத் தேறி, மீண்டும் முட்டையிடக் காண்கின்றனர்.

“கூலிக்குப் போய் வருவார் முட்டையிடாக் கோழிக்குத் தீனியிட வல்லரோ?” என்பார் உளர். வினா தக்கதே. ஆயினும், நாட்டுக்கோழி தன் இரையிற் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்வது. அடைத்துவைக்கும் சின்னாளைக்கு வேண்டும் குருணையும் தவிடும் கோழியின் விலைக்கு முன் எம்மாத்திரம்? உண்மையில் மூத்துத் தளர்ந்த கோழியை விற்று ஏய்ப்பாரும் இல்லாமல் இல்லை. அதனை வாங்கும்போதே ஆராய்தல் வேண்டும்: கொண்டை சிவந்து தடித்திருத்தலும், எச்சவாயின் இருபுற எலும்புகட்கிடையே இரண்டு மூன்று விரல் புகுதலும் முட்டையிடும் கோழியின் அடையாளங்கள்.

மனம் தெளிந்த கோழியை அறிதலும் எளிது. வெளிறிய கொண்டை மீளச் சிவக்கும். மூலை முடுக்கெல்லாம் நுழைந்து பார்க்கும். கைநீட்டின் ஓடாது முதுகைத் தாழ்த்திப் பதுங்கும். அதன்பின் வரும் முதல் முட்டை சிறுத்தோ தோல்முட்டையாகவோ இருத்தல் கூடும். அதுகண்டு கலங்கற்க, சின்னாளில் ஓடு தடிக்கும்.